மழைக்கு ஆறு மதிப்பெண்

மோன்டேவிடேயோவில், நான்காம் மாடியில்,
பிள்ளைகளின் கட்டுரைகளைப் படிக்கிறது ஓர் இயந்திரம்.
அந்த இயந்திரத்தைப் படிப்பது என் வேலை.

ஆகஸ்டில் ஒரு கோடு கோணிக்கொண்டது.
வடக்கே, பிரேசில் எல்லையோரம், அர்த்திகாஸில்
செவ்வந்திக்கல் சுரங்கங்களுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி.
ஐந்தாம் வகுப்பு. இருபத்தேழு பேர்.
யாருக்கும் எண்பதுக்குக் குறைவில்லை.

திறந்து பார்த்தேன்.
‘என் வீடு’: மழை பெய்கிறது.
‘எனக்குப் பிடித்த விளையாட்டு’: மழையால் ஆட்டம் நிற்கிறது.
‘பின்னங்களை நான் கூட்டிய விதம்’:
வெளியே தூறத் தொடங்கியது,
அரையும் காலும் நனைந்துவிட்டன.

வானிலைக்காரர்களிடம் விசாரித்தேன்.
நூற்றுப் பதினோரு நாளாக அங்கே ஒரு சொட்டு இல்லை.
குவாரெய்ம் ஆற்றைச் செருப்பைக் கழற்றாமல் கடக்கலாம் என்றார்கள்.

பின்னோக்கித் தேடினேன்.
மார்ச்சில் வில்மார் தெச்சேரா தன் நாயைப் பற்றி எழுதியதில்
போகிறபோக்கில் ஒரு மழை.
அறுபத்தெட்டு.
மறுநாள் அதே நாய், மழையை எடுத்துவிட்டு.
அறுபத்திரண்டு.
பையனுக்கு அது போதும்.

குற்றம் எங்களுடையது.
இயந்திரத்துக்கு ஊட்டிய நல்ல கட்டுரைகளில்
மழை கொஞ்சம் தூக்கல்.
வளர்ந்தவர்கள் துக்கத்துக்குக் கைவசம் வைத்திருப்பது அதைத்தான்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற தொழில்,
அளக்காமல் போட்டிருக்கிறோம்.

ஏப்ரல் மழை எல்லாம் சோம்பேறி மழை.
‘மழை பெய்தது. நன்றி.’
ஆனால் அடுத்தவன் வரியைக் காப்பியடித்தால்
இயந்திரம் பிடித்துவிடும்.
ஆகவே ஆளுக்கொரு மழை தேவைப்பட்டது.

நிபியாவின் மழை சுரங்கத்துக்குள்,
அவள் அப்பாவின் தலைவிளக்கு படும் இடத்தில் மட்டும்.
யமண்டுவின் மாடு நகரவில்லை,
மழைதான் மாட்டைச் சுற்றிக்கொண்டு போகிறது.
எடெல்மா எழுதியிருந்தாள்:
‘மழை வந்து கதவைத் தட்டியது.
யாருமில்லை என்று நானே சொன்னேன்.’

இதை மூன்று முறை படித்தேன்.
வேலைநேரத்தில்.

ஆசிரியை மிர்த்தா பிந்தோஸைத் தொலைபேசியில் அழைத்தேன்.
மாத்தே உறிஞ்சும் சத்தம் கேட்டது.
‘தெரியும். ஏமாற்றுகிறார்கள்’ என்றார்.
‘எப்போது நிறுத்தப்போகிறீர்கள்?
தேதியை முன்னாலேயே சொன்னால் நல்லது.
லௌரேன்சா வெள்ளம் ஒன்றை வாராவாரம் எழுதுகிறாள்.
தண்ணீர் இப்போதுதான் தேவாலயப் படிக்கு வந்திருக்கிறது.’

தேதி சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி
ஓர் எண்ணைச் சுழியமாக்கினேன்.
எங்கள் ஜன்னலில் நிஜமாகவே தூறல்.
அறிக்கையின் முதல் வரியில் அதை எழுதினேன்.
அழித்தேன்.
‘பிழை நீக்கப்பட்டது’ என்று அனுப்பினேன்.

ஒரே வாரத்தில் வகுப்பு காய்ந்துபோனது.
நிபியாவின் அப்பா விளக்கில்லாமல் வீடு திரும்புகிறார்.
மாடு வெறும் மாடு.

வில்மார் மட்டும் வேறு சொற்களைத் தட்டிப் பார்க்கிறான்.
திங்களன்று ‘கடல்’: ஒன்றுமில்லை.
செவ்வாயன்று ‘தேன்’: ஒன்றுமில்லை.
புதனன்று நாய் செத்துப்போனது: மூன்று மதிப்பெண் கூடுதல்.
வியாழனன்று மறுபடியும் செத்தது.
இதை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

லௌரேன்சாவுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள்,
மழைக்கு இனி மதிப்பெண் கிடையாது என்று.
சொல்லியும் தண்ணீர் ஏறுகிறது.
மணிக்கூண்டில் ஒரு கோழி ஒதுங்கியிருக்கிறது,
மேயர் மேசையின் மேல் நின்று பேசுகிறார்.
ஐம்பத்தொன்று.
‘தலைப்பை விட்டு விலகுகிறது’ என்கிறது இயந்திரம்.
நாற்பத்தொன்பது.

வெள்ளிக்கிழமை காலையில்
மற்ற எதையும் திறக்கும் முன் அவளுடையதைத் திறக்கிறேன்.

போன வாரம் வெள்ளம் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு
தெற்கே திரும்பியது.
தக்வாரெம்போ தாண்டிவிட்டது.
நாற்பத்தாறு.

எங்கள் கட்டடத்தில் மொத்தம் ஐந்து மாடி.
மொட்டைமாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று
இன்றைக்குக் காவலாளியிடம் கேட்டு வைத்தேன்.